கட்டிலடியில் ஒரு நோயாளி

சென்ற ஐப்பசியில் அடைமழை சற்று ஓய்ந்திருந்த ஒரு பிற்பகலில், மாடிக் கைப்பிடிச்சுவரின்மேல் ஓடிய அணிலைத் துரத்திக்கொண்டு போன எங்கள் வீட்டுப் பூனை வெள்ளச்சி, பாசி படிந்த விளிம்பில் கால் வழுக்கி, இரண்டு மாடி உயரத்திலிருந்து கொல்லைப்புறத்துச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. சத்தம் கேட்டு நாங்கள் ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள், பின்னங்கால் ஒன்றை ஊன்றாமல் மூன்று காலால் தத்தித் தத்தி உள்ளே வந்து, என் தாயாரின் கட்டிலடியில், டிரங்குப் பெட்டிகளுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சாண் இடுக்கில் புகுந்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டது. முனகவுமில்லை, கத்தவுமில்லை. “சத்தமே போடலையேடா, பெரிசா அடி இருக்காது” என்றார் என் தாயார். எனக்கும் அந்தச் சமாதானம் வேண்டியிருந்தது. மறுநாள் காலையில் எடுத்த எக்ஸ்ரே படத்தில், வலது தொடை எலும்பு நடுவில் முறிந்து, முறிந்த முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. அப்படிப்பட்ட எலும்பை வைத்துக்கொண்டுதான் அந்தப் பிராணி ஓர் இரவு முழுவதும் சத்தமின்றிக் கிடந்திருக்கிறது.

எலும்பைத் தகடும் திருகாணியும் வைத்துப் பொருத்திய கால்நடை வைத்தியர், ஆறு வாரம் கூண்டிலேயே வைத்திருக்க வேண்டும் என்றும், தினமும் அதைக் கவனித்து எழுதி வைக்க வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார். தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்புறத்தில், என்ன தின்றது, எப்போது சிறுநீர் கழித்தது, எப்படிப் படுத்தது, கூப்பிட்டால் திரும்பிப் பார்த்ததா என்று நான் எழுதலானேன். பிற்பாடு அந்தத் தாள்களை ஒருசேர வைத்துப் படித்தபோது எனக்கு ஒன்று விளங்கிற்று: பூனையின் நோவை, அது செய்யும் காரியங்களில் தேடுவதைக் காட்டிலும், வழக்கமாகச் செய்து வந்து இப்போது செய்யாமல் விட்ட காரியங்களில் தேடுவதே பலன் தருகிறது.

பூனை எப்படி விழுந்தாலும் நாலு காலில் நிற்கும் என்பது உலகறிந்த விஷயம். 1894-ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்து மாரே என்னும் உடலியல் அறிஞர், விழும் பூனையைத் தொடர் புகைப்படங்களாக எடுத்து, அது முதலில் முன்னுடலையும் அடுத்துப் பின்னுடலையும் தனித்தனியே திருப்பிக்கொள்ளும் வித்தையைக் கண்ணுக்குக் காட்டினார். ஆனால் திரும்பிக்கொள்வதனால் அதிர்ச்சி இல்லாமற் போய்விடாது. நியூயார்க் நகரத்தின் அடுக்குமாடிகளிலிருந்து விழுந்து, 1984-இல் ஐந்து மாத காலத்துக்குள் ஒரே விலங்கு வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்ட 132 பூனைகளைப் பற்றிய பிரசித்தமான ஆராய்ச்சி ஒன்று உண்டு. சிகிச்சை பெற்றவற்றில் பத்துக்கு ஒன்பது பிழைத்தன என்பதையே எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். விழுந்த இடத்திலேயே மாண்டவை அந்தக் கணக்கில் ஏறவில்லை என்பதையும், பிழைத்தவற்றிலும் நெஞ்சடியும் தாடைப் பிளவும் கால் முறிவும் ஏராளமாக இருந்தன என்பதையும் சொல்வோர் குறைவு. ஆகவே, விழுந்த பூனை எழுந்து நடந்தது என்பதை ஆரோக்கியத்துக்கு அத்தாட்சியாகக் கொள்வது அபாயம்.

ஏன் அது கத்தவில்லை? வீட்டுப் பூனையின் மூதாதை, ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வாழும் காட்டுப் பூனை இனம். எலி, ஓணான், சிறு பறவை என்று தன் ஒரு வாய்க்குக் காணும் இரையைத் தனியாகவே வேட்டையாடித் தின்னும் ஜீவன் அது; அதே சமயத்தில், கழுகும் நரியும் பெரிய மிருகங்களும் தூக்கிக்கொண்டு போகக்கூடிய அளவினதும் ஆகும். நாயின் மூதாதையான ஓநாய்க்காவது கூட்டம் உண்டு. அதன் முனகலைக் கேட்டு அருகே வரச் சுற்றம் உண்டு. தனித்து வாழும் பிராணிக்குக் கதறலால் வரும் பயன் ஒன்றுமில்லை. இன்னார் இன்ன இடத்தில் ஓட முடியாமல் கிடக்கிறார் என்று பகைக்கு அறிவிப்பது ஒன்றுதான் அதன் விளைவு. இப்படிப் பன்னூறாயிரம் ஆண்டுகளாகப் பழகிவந்த ஸ்வபாவம், சில ஆயிரம் ஆண்டுகள் மனிதன் வீட்டுப் பாலைக் குடித்ததனால் மாறிவிடவில்லை. கட்டிலடியில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த வெள்ளச்சி எங்களிடம் கோபித்துக்கொள்ளவுமில்லை, நன்றி மறக்கவுமில்லை. தன் குலம் கற்றுக்கொடுத்த பத்தியத்தை அனுசரித்தது.

ஒளிதலோடு சேர்ந்து வருவன வேறு சில. சாப்பாட்டில் விருப்பம் குன்றும், உறக்கம் மிகும், உடம்பை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் வழக்கம் நின்று, ரோமம் திரித்திரியாக ஒட்டிக்கொள்ளும். இவற்றை உடம்பின் பலவீனம் என்றே நெடுங்காலம் எண்ணி வந்தார்கள். கலிபோர்னியா சர்வகலாசாலையைச் சேர்ந்த பெஞ்சமின் ஹார்ட் என்னும் விலங்கு நடத்தை அறிஞர் 1988-இல் வெளியிட்ட கட்டுரையில், இவை யாவும் உடம்பு வேண்டுமென்றே மேற்கொள்ளும் ஓர் உபாயம் என்று வாதித்தார். காயத்திலும் கிருமித் தொற்றிலும் வேலை செய்யும் வெள்ளணுக்கள் சில ரசாயனத் தூதுப் பொருள்களை இரத்தத்தில் விடுகின்றன. அவை மூளையை எட்டி, ‘அலையாதே, வேட்டைக்குப் போகாதே, உள்ள சக்தியைச் சிகிச்சைக்குச் செலவிடு’ என்று கட்டளையிடுகின்றன. வரவு குறைந்த மாதத்தில் கெட்டிக்கார இல்லத்தரசி எந்தெந்தச் செலவை முதலில் நிறுத்துவாளோ, அந்த முறையிலேயே பூனையின் உடம்பும் முதலில் விளையாட்டையும், அடுத்து அலங்காரத்தையும் நிறுத்திவிடுகிறது.

இதனால்தான், ஒளிந்துகொண்ட பூனையை இழுத்து வெளியே போட்டு மடியில் வைத்துக் கொஞ்சுவது உபசாரம் ஆகாது. நெதர்லாந்தில் ஒரு காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளில் பத்துக்கு மட்டும் உள்ளே புகுந்துகொள்ள ஒரு பெட்டியைக் கொடுத்து, மற்ற ஒன்பதைப் பெட்டியின்றி விட்டுப் பார்த்த பரிசோதனை 2014-இல் வெளியாயிற்று. பெட்டி கிடைத்தவை முதல் சில நாட்களுக்குள்ளேயே கலக்கம் தணிந்து அமைதி பெற்றன. நாங்களும் கூண்டின் ஒரு மூலையில் அட்டைப் பெட்டியொன்றைப் படுக்க வைத்து, வாய்ப்புறம் பாதி மறையும்படி பழைய வேட்டித் துணியைத் தொங்கவிட்டோம். அதன்பின் வெள்ளச்சி பெட்டிக்குள் இருந்தபடியே எங்களைப் பார்க்கத் தொடங்கியது.

பார்க்கும் முகத்தை நாம் திரும்பப் பார்க்கக் கற்றுக்கொள்வது அடுத்த பாடம். மாண்ட்ரியல் சர்வகலாசாலையைச் சேர்ந்த விலங்கு வைத்திய அறிஞர்கள் 2019-இல், வலியுள்ள பூனைகளின் முகங்களையும் வலியற்றவற்றின் முகங்களையும் ஒப்பிட்டு, ஐந்து குறிகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டார்கள். நிமிர்ந்து முன்னோக்கி நிற்க வேண்டிய காதுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி வெளிப்புறமாகத் திரும்புவது ஒன்று. கண்கள் இடுங்குவது ஒன்று. உருண்டையான மூக்கும் வாயும் இறுகி நீள்வட்டமாவது ஒன்று. தளர்ந்து வளைந்திருக்கும் மீசை நேராக விறைத்து முன்னே நீட்டிக்கொள்வது ஒன்று. தலை தோள்மட்டத்துக்குக் கீழே தாழ்ந்துவிடுவது ஒன்று. ஒவ்வொரு குறிக்கும், இல்லையென்றால் 0, ஓரளவு இருந்தால் 1, தெளிவாக இருந்தால் 2 என்று மதிப்பிட்டுக் கூட்டினால், பத்துக்கு 4 அல்லது அதற்கு மேல் வரும் பூனைக்கு வலிக்கு மருந்து வேண்டியிருக்கும் என்று கொள்ள வேண்டும். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா என்று நாம் பழமொழி சொல்லிச் சிரிக்கிறோம். அரைக்கண் மூடிப் படுத்திருக்கும் பூனை தூங்குகிறதா, சுகமாக இருக்கிறதா, நோவைத் தாங்கிக்கொண்டிருக்கிறதா என்பதை அந்தக் கண்ணை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. காதையும் மீசையையும் கேட்ட பிறகே சொல்ல முடியும். என் தாள்களில் மூன்றாம் நாள் 5 என்றும், ஆறாம் நாள் 3 என்றும், பத்தாம் நாள் 1 என்றும் இருக்கின்றன.

நம்மை ஏமாற்றும் குறி ஒன்றும் உண்டு. அது பூனையின் குறுகுறுப்பு. நான்காம் நாள் காயத்தில் மருந்து வைத்தபோது வெள்ளச்சி உரக்கக் குறுகுறுத்தது. “பாரு, சுகமா இருக்கா” என்று என் தாயார் மகிழ்ந்தார். ஆனால் மகிழ்ச்சியில் போலவே வலியிலும், பிரசவத்திலும், மரணத் தறுவாயிலுங்கூடப் பூனைகள் குறுகுறுக்கும் என்பதை வைத்தியர்கள் நன்கு அறிவார்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போதும் வெளியே விடும்போதும் இடையறாமல் வரும் இந்த ஒலியின் அடிப்படை அதிர்வு விநாடிக்கு ஏறக்குறைய 25 முதல் 30 வரையில் இருக்கும். குரல்வளைத் தசைகள் விட்டு விட்டுச் சுருங்குவதால் இது பிறக்கிறது என்பது பழைய கொள்கை. 2023-இல் வியன்னா நகரத்து ஆராய்ச்சியாளர்கள், இறந்த பூனைகளின் குரல்வளைகளில் காற்றைச் செலுத்தி, தசையின் உதவி இன்றியே இதே தாழ்ந்த அதிர்வை எழுப்பிக் காட்டி, குரல்நாண்களுக்குள் பொதிந்திருக்கும் சிறு திண்டுகளே அதற்குத் துணை செய்யக்கூடும் என்று கருத்துத் தெரிவித்தார்கள். இந்த அதிர்வு எலும்பைக் கூட்டுவிக்கும் என்ற பேச்சும் எங்கும் உலவுகிறது. விநாடிக்கு 30 தடவை மெல்ல அதிரும் மேடைமேல் ஓராண்டுக் காலம் நாள்தோறும் 20 நிமிஷம் நிறுத்தப்பட்ட ஆடுகளின் பின்னங்கால் எலும்பு உட்புறம் செறிவடைந்தது என்ற 2001-ஆம் ஆண்டுப் பரிசோதனை மெய்யானதே. அதிலிருந்து பூனையின் குறுகுறுப்புக்குத் தாவுவது மனத்துக்கு இனிய அனுமானம். நிரூபணம் இன்னும் வரவில்லை.

உணவு விஷயத்தில் மட்டும் பொறுமை கூடாது. நாம் ஏகாதசி உபவாசம் இருப்பதுபோல் பூனை இருக்க முடியாது. அது முற்றிலும் மாமிச பக்ஷிணி. சில நாட்கள் சேர்ந்தாற்போல் தின்னாமல் கிடந்தால், உடம்பிலுள்ள கொழுப்பு கரைந்து வெள்ளமாகக் கல்லீரலுக்குள் புகுந்து, அதைச் செயலிழக்கச் செய்துவிடும். கொழுத்த பூனைகளுக்கு இந்த அபாயம் அதிகம். ஆகவே ஒரு முழுநாள் வாய் வைக்கவில்லை என்றாலே வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும். பூனைக்கு உணவின் அழைப்பு நாக்கைவிட மூக்கின் வழியாகவே வருவதால், குளிர்ந்த மீனை வெறுத்துத் திரும்பிய வெள்ளச்சி, அதையே வெதுவெதுப்பாக்கி விரல் நுனியில் வைத்து நீட்டியபோது நக்கித் தின்றது. சிறுநீரையும் அவ்வாறே கணக்கு வைக்க வேண்டும். கால் முறிந்த பூனைக்கு மணல் தட்டில் குந்துவதே சிரமம். எங்கள் தட்டின் ஒரு பக்கத்து விளிம்பை அறுத்துத் தாழ்த்திய அன்றுதான் அது தட்டுக்கு வெளியே கழிப்பதை நிறுத்திற்று. முக்கி முக்கி உட்கார்ந்தும் ஒரு சொட்டும் வராத பூனையை, அதிலும் ஆண் பூனையை, மறுநாள் வரையில் வைத்திருக்கக் கூடாது.

இரண்டாம் நாள் இரவு, அது படும் பாட்டைப் பொறுக்காமல், என் தாயார் காய்ச்சல் மாத்திரையில் கால் பங்கை உடைத்துப் பாலில் கரைக்கப் போனார். நல்லவேளையாக, வைத்தியர் முதல் நாளே இதைப் பற்றி எச்சரித்திருந்தார். நம் கல்லீரல் பாரசிட்டமாலைச் சர்க்கரை அமிலம் ஒன்றோடு பிணைத்து எளிதில் வெளியேற்றிவிடும். அந்தப் பிணைப்பைச் செய்யும் நொதிக்குரிய மரபணு பூனைக் குலத்தில் பழுதுற்றுக் கிடக்கிறது. தாவர விஷங்களை முறிக்க வேண்டிய தேவை மாமிசம் ஒன்றையே தின்னும் குலத்துக்கு இல்லாததால், அந்தக் கருவி துருப்பிடித்துப் போயிற்று என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். வெளியேறாத மருந்து நஞ்சாக மாறிச் சிவப்பணுக்களைத் தாக்க, இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழந்து, ஈறுகள் பழுப்பேறி, முகமும் பாதங்களும் வீங்கிவிடும். 500 மில்லிகிராம் மாத்திரையின் சிறு துண்டே ஒரு பூனையின் உயிரைக் குடிக்கப் போதும். அன்பினால் செய்யும் கொலை என்று இதைச் சொல்லலாம்.

காயத்தைப் பூனை நக்குவது இயற்கை வைத்தியம் என்று எண்ணி விட்டுவிடுவாரும் உண்டு. எச்சிலில் சில கிருமிகளை அடக்கும் பொருள்கள் இருப்பது மெய். ஆனால் பூனையின் வாயில் குடியிருக்கும் கிருமிகளும் பல, அதன் நாக்கோ அரம் போன்றது. பின்னோக்கி வளைந்த நூற்றுக்கணக்கான நுண்முட்கள் எலும்பிலிருந்து மாமிசத்தைச் சுரண்டுவதற்கு ஏற்றவை. தையல் போட்ட புண்ணில் அவை என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. எனவே கழுத்தைச் சுற்றிப் புனல்போல் விரிந்த பிளாஸ்டிக் வளையத்தை மாட்டி விட்டார்கள். பூனைக்கு யார் மணி கட்டுவது என்று யோசித்த எலிகள் இதைப் பார்த்திருந்தால் மணியே மேல் என்று திருப்தியடைந்திருக்கும். வளையம் போட்ட முதல் நாள் வெள்ளச்சி பின்புறமாகவே நடந்தது. மீசை பக்கங்களில் இடித்ததால் கூண்டின் அகலம் அதற்கு மறந்துவிட்டது. இரண்டாம் நாள், அகலம் குறைந்த தட்டில் உணவை உயர்த்தி வைத்ததும் தின்னக் கற்றுக்கொண்டது.

வைத்தியசாலையிலிருந்து திரும்பிய அன்று இன்னொரு வேடிக்கையும் நடந்தது. வெள்ளச்சியின் சொந்த மகனாகிய முத்து, தாயைக் கண்டதும் முதுகை வில்லாக வளைத்துச் சீறினான். பூனைகள் ஒன்றையொன்று அறிந்துகொள்வது பெரும்பாலும் வாசனையால். கன்னத்தையும் விலாவையும் உரசி உரசி ஒரு வீட்டுப் பூனைகள் தமக்குள் ஒரு பொது வாசனையை உண்டாக்கி வைத்திருக்கின்றன. மருந்து நெடியும் அந்நியர் கைகளின் மணமும் அதை அழித்துவிட, வந்தது தாய் என்பதே மகனுக்குத் தெரியவில்லை. இரண்டையும் தனித்தனி அறையில் வைத்து, முத்து படுத்த துணியை வெள்ளச்சியின் பெட்டியிலும், வெள்ளச்சியின் துணியை முத்துவின் மூலையிலும் மாற்றி மாற்றிப் போட்டு வந்தோம். ஆறாம் நாள் கதவிடுக்கில் மூக்கோடு மூக்கு வைத்து, உறவு புதுப்பிக்கப்பட்டது.

வைணவப் பெரியோர்கள் சரணாகதிக்கு மார்ஜார நியாயத்தை உவமையாகச் சொல்வார்கள். குட்டி தன் முயற்சி ஏதுமின்றித் தாயின் வாயில் தொங்குவதுபோல் ஜீவன் இறைவனிடம் தன்னை ஒப்படைக்க வேண்டும் என்பது கருத்து. பிடரித் தோலைப் பற்றியதும் குட்டியின் உடல் தளர்ந்து, பின்னங்கால்கள் மடங்கி, வால் சுருண்டுகொள்வது உண்மையே. அது பிறவியோடு வந்த அனிச்சைச் செயல். ஆனால் வளர்ந்த பூனையை, அதுவும் எலும்பு முறிந்ததை, பிடரியைப் பிடித்துத் தூக்கினால், அசையாமல் இருப்பது சரணாகதி ஆகாது. அச்சத்தினால் விறைத்துப்போவதும் அவ்வாறே தோன்றும். மார்பின்கீழ் ஒரு கையும் பின்தொடைகளின்கீழ் ஒரு கையும் கொடுத்து, துண்டில் சுற்றி எடுப்பதே இன்றைய வைத்தியர்கள் கற்பிக்கும் முறை. அப்படி எடுத்தும் கடித்தால், கடித்த இடத்தை நாம் தொட்டுப் பார்ப்பதற்கு முன், நாம் தொட்ட இடத்தை வைத்தியர் பார்ப்பது நல்லது.

எல்லாவற்றிலும் வஞ்சகமானது மூன்றாம் வாரம். முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் உறைந்து வீக்கம் உண்டாகிறது. பின்னர் நாரும் குருத்தெலும்பும் சேர்ந்த மெல்லிய பாலம் அமைகிறது. அது சுண்ணாம்பேறிக் கெட்டிப்பட இன்னும் பல வாரங்கள் வேண்டும். ஆனால் வலியோ வீக்கத்தோடு சேர்ந்து முதலிலேயே வடிந்துவிடுகிறது. எலும்பு இன்னும் பச்சையாக இருக்க, பூனை மட்டும் குணமாகிவிட்டதாக நினைக்கும் காலம் இது. பதினெட்டாம் நாள் தாளில், “விடியற்காலை நாலு மணி முதல் ஓயாத கத்தல், கூண்டுக் கம்பியைப் பிராண்டுகிறது” என்று எழுதியிருக்கிறேன். நோவு மிகுந்த இரவில் வாய் திறவாத பிராணி, நோவு போன பிறகு ஊரைக் கூட்டியது. அதன் கத்தலுக்கு இரங்கிக் கதவைத் திறந்துவிட்டு, ஒரே தாவலில் தகடு வளைந்து, திருகாணி பிடுங்கி, மறுபடி அறுவை மேஜைக்குக் கொண்டு போனவர்கள் உண்டு. நாங்கள் கதவைத் திறக்காமல், உணவை ஐந்தாறு இடங்களில் துணிக்கடியில் ஒளித்துவைத்துத் தேட விட்டோம். வேட்டைக்காரனுக்கு வேட்டை கிடைத்ததும் கூச்சல் பாதியாகக் குறைந்தது.

நாற்பத்திரண்டாம் நாள் எடுத்த எக்ஸ்ரே படத்தில் முறிவின் கோடு மங்கி, எலும்பு கூடியிருந்தது. கூண்டு திறந்தது. வெள்ளச்சி உடனே ஓடவில்லை. வாசற்படி, அடுப்பங்கரை, அரிசி மூட்டை என்று ஒவ்வொன்றையும் முகர்ந்து, கன்னத்தால் உரசித் தன் முத்திரையை மீண்டும் பதித்துக்கொண்டு வந்தது. வலத்தொடையை விரல்களால் வளைத்துப் பார்த்தபோது, இடத்தொடையைவிடச் சதை வற்றி மெலிந்திருந்தது. சாக்குப்பையில் நகம் தீட்டத் தொடங்கியது, முதுகின் கடைசி வரையில் திரும்பி நக்கியது, முத்துவின் வாலை அடித்தது என்று, விட்டுப்போன காரியங்கள் ஒவ்வொன்றாகத் தாள்களில் திரும்பி வந்தன.

ஒன்று மட்டும் அப்படியே வரவில்லை. முன்பெல்லாம் தரையிலிருந்து ஒரே தாவலில் கூடத்து ஜன்னல் மாடத்தில் ஏறி உட்காருவது அதன் வழக்கம். இப்போது அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்து, பின்னங்கால்களை இருமுறை மாற்றி வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். 12 வயதுக்கு மேற்பட்ட 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்து 2002-இல் வெளியான ஆராய்ச்சியில், 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் காணப்பட்டது என்றும், வீட்டார் அதைக் கிழட்டுச் சோம்பல் என்று எண்ணிவிடுவதே வழக்கம் என்றும் வைத்தியர் எனக்குச் சொல்லியிருந்தார். தாவாத பூனை தாவ மனமில்லாதது என்று நினைக்காதீர்கள் என்பது அவர் வாக்கு. நாற்பத்தாறாம் நாள், ஜன்னலோரம் உட்கார்ந்து கீரை ஆய்வதற்காக என் தாயார் ஸ்டூல் ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். அவர் எழுந்து உள்ளே போனதும், வெள்ளச்சி தரையிலிருந்து ஸ்டூலுக்கும், ஸ்டூலிலிருந்து ஜன்னலுக்குமாக இரண்டு தாவலில் ஏறி, காதை முன்னே நிறுத்தி, வேப்பமரத்து அணிலைப் பார்த்தது.

அன்றைய தாளில் “ஜன்னல்” என்ற ஒரு சொல்லை மட்டும் எழுதினேன். கீரை ஆய்வதற்கு வேறொரு ஸ்டூல் வாங்கியாகிவிட்டது.